நள்ளிரவில் நெஞ்சு படபடத்துத் தூக்கம் கலைந்தால்

நீங்கள் எழுதியதன் சாரம் இது: வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறது, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இல்லை. சில வாரங்களாக இரவு ஒன்று, இரண்டு மணிக்கு நெஞ்சு திடும் திடும் என்று அடித்து எழுப்பிவிடுகிறது. ஈசிஜியும் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்தீர்கள், இரண்டும் நார்மல். ‘டென்ஷன்தான், ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் இப்போது படுக்கைக்குப் போகவே பயமாக இருக்கிறது.

உங்கள் வயதில், எக்கோ நார்மலாக உள்ளவருக்கு வரும் இரவுப் படபடப்பு பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தானதல்ல. இதை உங்களைச் சமாதானப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதயத்தின் தசையும் வால்வுகளும் நன்றாக இருப்பது உண்மையிலேயே பெரிய நிம்மதி. ஆனால் ‘டென்ஷன்தான்’ என்று முடிவு கட்டுவதற்கு இன்னும் காலம் வரவில்லை. பகல் பதினொரு மணிக்கு, படபடப்பே இல்லாதபோது எடுத்த ஈசிஜி அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே காட்டும். இரவு இரண்டு மணிக்கு என்ன நடக்கிறது என்பது படபடப்பு இருக்கும்போது எடுத்த பதிவில்தான் தெரியும். அந்தப் பதிவு கிடைக்கும்வரை யாரும் உறுதியாகப் பெயர் வைக்க முடியாது.

மற்றதைப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படபடப்போடு நெஞ்சில் அழுத்தமோ வலியோ வந்தால், அது தாடைக்கோ இடது கைக்கோ பரவினால், உடம்பு சில்லிட்டு வியர்த்தால், மூச்சு வாங்கினால், கண் இருட்டி மயக்கம் வந்தால் 108-ஐ அழையுங்கள். இந்தப் பதில் அந்த நேரத்துக்கானதல்ல. நம் வீடுகளில் இரவில் நெஞ்சுத் தொல்லை வந்தால் முதலில் வருகிற வார்த்தை ‘கேஸ்’. சோடாவோ சீரகத் தண்ணீரோ குடித்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். மாரடைப்பில் போகிற ஒவ்வொரு மணி நேரமும் இதயத் தசையின் ஒரு பகுதியைக் கொண்டுபோகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல், மூச்சுத் திணறலும் வியர்வையுமாக மட்டும் மாரடைப்பு வரலாம். நடு இரவில் வீட்டாரை எழுப்பத் தயங்காதீர்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சரி, படபடப்புக்கு வருவோம். இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அத்தனையும் நாம் கவனிக்காமலே நடக்கிறது. நமக்குத் தெரிய வருவது அந்தத் தாளம் மாறும்போதுதான். மிகப் பெரும்பாலோருக்கு நடப்பது எக்டோபிக் துடிப்பு, அதாவது தன் முறை வருவதற்குள் முந்திக்கொண்டு வந்துவிடும் துடிப்பு. அது வந்ததும் இதயம் வழக்கத்தைவிடச் சற்று நீண்ட இடைவெளி விடும். அந்த இடைவெளியில் கூடுதலாக ரத்தம் நிறைந்துவிடுவதால் அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. ஒரு நடை வராமல் போனால் அடுத்த பஸ்ஸில் இரண்டு நடைக் கூட்டமும் ஏறுகிறதே, அதுபோல. ‘ஒரு நொடி நின்றுவிட்டு, பிறகு ஓர் இடி இடிக்கிறது’ என்று நோயாளிகள் சொல்வது இதைத்தான். இதயம் உண்மையில் நிற்பதில்லை. ஆரோக்கியமானவர்களுக்கு 24 மணி நேரப் பதிவுக் கருவியை மாட்டிப் பார்த்தால், பெரும்பாலோரிடம் இத்தகைய துடிப்புகள் சிலவாவது இருக்கும்.

இரவில் மட்டும் ஏன்? தூங்கும்போது நாடித்துடிப்பு 50-க்கு அருகேகூட இறங்கும். வேகம் குறைந்து இடைவெளி கூடும்போது, முந்திக்கொண்டு வரும் துடிப்புக்கு இடம் கிடைக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயத்தின் நுனி நெஞ்சுச் சுவருக்கு நெருங்கி வரும், காது தலையணையில் அழுந்தியிருக்கும், வெளியே சத்தமும் இல்லை. பகலில் வேலையிலும் வண்டி இரைச்சலிலும் தெரியாமல் போவது இரவில் முரசாகக் கேட்கிறது. இதோடு இன்னொன்றும் உண்டு. விடியலை நெருங்க நெருங்க, கனவு வரும் தூக்கம் கூடும். அந்தக் கட்டத்தில் நரம்பு மண்டலம் திடீர் திடீரென்று இதயத்தை முடுக்கும். கெட்ட கனவிலிருந்து விழிக்கிறவருக்கு நாடி 110, 120 இருப்பது இயல்பு, சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் படபடப்பு எந்த வகை? இதற்கு உங்களைவிட நல்ல சாட்சி கிடையாது. மருத்துவரிடம் ‘படபடன்னு வருது’ என்று மட்டும் சொல்லாமல், மேசையில் விரலால் அந்தத் தாளத்தைத் தட்டிக் காட்டுங்கள். எளிமையான வழியாகத் தோன்றலாம், ஆனால் பாதி விடை அதிலேயே வந்துவிடும். சீரான தாளத்தில் இடையிடையே ஓர் இடி விழுந்தால் அது எக்டோபிக். மெல்ல மெல்ல ஏறி, மெல்ல மெல்ல இறங்கினால் பயம், காய்ச்சல், ரத்தசோகை போன்ற ஏதோ ஒன்றுக்கு இதயம் தரும் இயல்பான மறுமொழி. சுவிட்ச் போட்டதுபோலச் சட்டென்று தொடங்கி, ஒரே சீராக 150-க்கு மேல் ஓடி, அதே போலச் சட்டென்று நின்றால் எஸ்.வி.டி. என்று சந்தேகிக்க வேண்டும். இதயத்தின் மேல்பகுதியில் மின்னோட்டம் ஒரு வட்டத்தில் மாட்டிக்கொண்டு சுற்றுவதால் வருவது அது. கழுத்தில் துடிப்பு தெரிவதும், அடங்கியபின் சிறுநீர் நிறையப் போவதும் அதற்குக் கூடுதல் அடையாளம். இளம் வயதினருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு வரும்; ‘டென்ஷன்’ என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் போகிற நோய்களில் இதற்கு முதலிடம் தருவேன். அது எனக்கு வேதனை தரும் விஷயம். ஏனென்றால் மின்பாதையைக் கண்டுபிடித்துச் சுட்டுவிடும் அப்லேஷன் சிகிச்சையில் பெரும்பாலோருக்கு இது முழுதாகவே குணமாகிவிடுகிறது.

தாளமே பிடிபடாமல், தாறுமாறாகத் துடித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். வயதானவர்களுக்கு அதிகம். நம் நாட்டில் சிறுவயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு பாதிக்கப்பட்ட இளம்பெண்களுக்கும் வருகிறது. இது பக்கவாத அபாயத்தைப் பல மடங்கு கூட்டும் என்பதால், படபடப்பு தானாக நின்றுவிட்டாலும் விட்டுவிடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து தேவையா என்று மருத்துவர் கணக்கிட்டுச் சொல்வார்.

இனி இதயத்துக்கு வெளியே இருக்கும் காரணங்கள். இரவுப் படபடப்பைத் தூண்டுபவற்றில் இவையும் நிறைய, கவனிக்கப்படாமல் போவதும் இவைதான்.

குறட்டை விடுகிறீர்களா? உங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள். குறட்டை நடுவே மூச்சு நின்று, பிறகு திணறலோடு திரும்ப வருகிறது என்று அவர் சொன்னால் அது ஸ்லீப் ஆப்னியா. தொண்டை அடைபட்டு ஆக்சிஜன் குறையும் ஒவ்வொரு முறையும் உடல் அவசரமணி அடித்து உங்களை எழுப்புகிறது. நீங்கள் விழிக்கும்போது மூச்சு நின்றது நினைவில் இருக்காது, நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் தெரியும். காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் இவையெல்லாம் இதன் துணை அறிகுறிகள். குண்டாக இருப்பவருக்குத்தான் வரும் என்பது சரியல்ல. தாடை சிறிதாக, உள்வாங்கியிருக்கும் ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. தூக்கப் பரிசோதனை செய்து, காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் கருவி மாட்டியதும், இதய மருந்தே இல்லாமல் படபடப்பு ஓய்ந்துவிட்டவர்கள் உண்டு.

உங்களுக்குச் சர்க்கரை இல்லை என்கிறீர்கள். ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இன்சுலினோ, கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் நடு இரவில் வியர்வையில் நனைந்து, நெஞ்சு படபடக்க விழித்தால், உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விரதம் இருந்த நாளிலும், ‘இரவு பசியில்லை’ என்று ஒரு தம்ளர் பாலோடு படுத்த நாளிலும் இது நடக்கும். மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டிருப்பார்கள். மறுநாளே மருத்துவரைப் பார்த்து மருந்தின் அளவைச் சரிசெய்ய வேண்டும்.

ரத்தசோகையை நம் ஊரில் மறக்கவே கூடாது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிற ஒரு பெண் ‘மாடிப்படி ஏறினால் படபடப்பு, ராத்திரியும் படபடப்பு’ என்று சொன்னால், எக்கோவுக்கு முன்னால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே கதை. தைராய்டு குறைவுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு அளவு கூடிப்போனாலும் இதே கதைதான். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் உடம்பு கொதித்து வியர்த்து விழிக்கும்போதும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். கர்ப்பகாலத்தில் நாடி இயல்பாகவே கூடும்.

மருந்துப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபீனைலெஃப்ரின், ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால் இன்ஹேலர், தியோஃபிலின் மாத்திரை எல்லாமே படபடப்பைத் தரக்கூடியவை. வாங்கிச் சாப்பிடும் எடை குறைப்புப் பொடிகளில் என்ன இருக்கிறது என்பது பல நேரம் உறையிலேயே இருக்காது, அவற்றை நிறுத்திவிடுங்கள். ஆஸ்துமா மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.

காபியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2023-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஆரோக்கியமான 100 பேரைச் சில நாள்கள் காபி குடிக்கவும் சில நாள்கள் தவிர்க்கவும் சொல்லி, ஈசிஜி பதிவுக் கருவியோடு கண்காணித்தார்கள். இதயத்தின் மேலறைகளில் வரும் எக்டோபிக் துடிப்புகள் காபியால் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறைத் துடிப்புகள் ஓரளவு கூடின. தூக்கம் சராசரியாக 36 நிமிடம் குறைந்தது. ஆக, காலை ஃபில்டர் காபியை விட வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. மாலையில் குடிப்பதுதான் பிரச்சினை. காஃபின் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்ததில் பாதி பதினொரு மணிக்கும் உடலில் இருக்கிறது. டீயும் அப்படியே. மதியம் இரண்டு மணிக்குமேல் இரண்டும் வேண்டாம் என்று ஒரு பதினைந்து நாள் இருந்து பாருங்கள்.

மதுவுக்கு இந்தச் சலுகை கிடையாது. வார இறுதியில் அளவுக்குமேல் குடித்துவிட்டுத் தாளம் தவறிய இதயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களைப் பற்றி 1978-இலேயே பிலிப் எட்டிங்கர் என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் விவரித்திருக்கிறார்கள். குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் போதை இறங்கும்போது இதயம் வேகமெடுத்து எழுப்பிவிடும். சிகரெட்டும் இதே வேலையைச் செய்யும்.

இரவு பத்தரைக்குப் பரோட்டாவோ பிரியாணியோ சாப்பிட்டு உடனே படுப்பதும் ஒரு காரணம். அமிலம் உணவுக்குழாயில் ஏறும், வயிறு உப்பும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். படுப்பதற்கு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்பு சாப்பாட்டை முடியுங்கள்.

சரி, இன்றிரவு இரண்டு மணிக்கு மறுபடி வந்தால் என்ன செய்வது? எழுந்து கட்டில் ஓரத்தில் உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கை, சீராக இருந்ததா இல்லையா, தொடங்கிய நேரம் என இந்த மூன்றையும் எழுதி வையுங்கள். ஒரு முறை எண்ணினால் போதும். திரும்பத் திரும்ப நாடி பிடித்துப் பார்ப்பது பயத்தைக் கூட்டும், பயம் நாடியைக் கூட்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு மூச்சை நிதானப்படுத்துங்கள். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக வெளியே விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. வெளியே விடும் நேரம் நீளும்போது, இதயத்தைத் தணிக்கும் வேகஸ் நரம்பின் கை ஓங்குகிறது. ஐந்து நிமிடமாவது செய்யுங்கள். திரும்பப் படுக்கும்போது வலப்பக்கம் ஒருக்களித்தோ, தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தியோ படுங்கள்.

எஸ்.வி.டி. என்று ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு ஒரு தனி உத்தி உண்டு. சாய்ந்து உட்கார்ந்து 15 நொடி மூச்சை அடக்கி முக்க வேண்டும். முக்கி முடித்த உடனே மல்லாந்து படுக்கவைத்து, இன்னொருவர் காலை 45 டிகிரிக்குத் தூக்கி 15 நொடி பிடிக்க வேண்டும். 2015-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், காலைத் தூக்காமல் செய்தபோது 17 சதவீதம் பேருக்கும் தூக்கிச் செய்தபோது 43 சதவீதம் பேருக்கும் தாளம் சீரானது. உங்கள் மருத்துவர் செய்து காட்டிச் சொல்லிக்கொடுத்த பிறகே வீட்டில் செய்யுங்கள். கழுத்து ரத்தக்குழாயை அழுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது ‘படுக்கப் போகவே பயம்’ என்ற வரி. படபடப்பு எதனால் வந்தாலும் இந்தப் பயம் தனியாக ஒரு நோயாக வளரும். இன்றைக்கும் வருமோ என்று நெஞ்சைக் கவனித்தபடியே படுப்பவருக்குச் சாதாரணத் துடிப்பும் பெரிதாகக் கேட்கும். அதனால் தூக்கம் கெடும். தூக்கம் கெட்ட உடலில் எக்டோபிக் இன்னும் கூடும். எனவே காரணத்தைத் தேடுவதோடு தூக்கத்தையும் சேர்த்தே மீட்க வேண்டும். விழித்து இருபது நிமிடம்போல ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறையில், மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். செல்போனும் கடிகாரமும் கண்ணில் பட வேண்டாம். கண் சொக்கும்போது மட்டும் திரும்புங்கள். எந்த நேரத்தில் தூங்கியிருந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுங்கள். இரவு கெட்டதை ஈடுகட்ட மாலை எட்டு மணிக்கே படுக்கப் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். சிலருக்குத் தூக்கத்திலிருந்தே பீதித் தாக்குதல் வரும்; சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், கைகால் மதமதத்து, செத்துவிடுவோம் என்ற எண்ணத்தோடு எழுப்பும். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் நன்றாகவே பலன் தருகின்றன. மனநல மருத்துவரிடம் அனுப்பினால் ‘எனக்கு நடிப்பு என்கிறார்களா’ என்று வருந்தாதீர்கள். அப்போது நாடி 130-க்கு ஓடுவது உண்மையான ஓட்டம்.

தெரிந்தவருக்கு எழுதிக்கொடுத்த, இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ராப்ரனலாலையோ பதற்றத்தைக் குறைக்கும் அல்பிரசோலத்தையோ வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். முன்னது ஆஸ்துமா இருப்பவருக்கு மூச்சை அடைத்துவிடும், சர்க்கரை இறங்குவதையும் மறைக்கும். பின்னது பழக்கமாகிவிடும், ஆப்னியாவையும் மோசமாக்கும்.

படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்குகிறது என்றால் அது படபடப்புக் கணக்கில் சேராது. இதயம் பலவீனமாவதன் அறிகுறியாக இருக்கலாம், தாமதிக்கக் கூடாது. குடும்பத்தில் யாராவது நாற்பது வயதுக்குள் தூக்கத்தில் திடீரென்று இறந்திருந்தாலும், உங்களுக்கே மயக்கம் வந்திருந்தாலும் உடனே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். 1992-இல் ப்ருகாடா சகோதரர்கள் விவரித்த பரம்பரைக் கோளாறு போன்ற சில நோய்கள், எக்கோவில் எதுவும் தெரியாமல் இரவில் தாக்குபவை. ஈசிஜியை அதற்கென்றே கவனித்துப் படிக்க வேண்டும்.

உங்கள் அடுத்த படி இதுவாக இருக்கட்டும். ஹீமோகுளோபின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., பொட்டாசியம், சர்க்கரை ஆகிய ரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். படபடப்பு தினமும் வருகிறதென்றால் ஹோல்டர் என்ற 24 மணி நேர ஈசிஜி பதிவுக் கருவி போதும். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் என்றால் 24 மணி நேரத்தில் சிக்காமல் போகலாம், அதனால் ஏழு முதல் பதினான்கு நாள் ஒட்டியிருக்கும் கருவியைக் கேளுங்கள். ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் வைத்திருந்தால் படபடக்கும்போதே எடுத்துச் சேமியுங்கள். வெறும் நாடி எண்ணிக்கை காட்டும் கடிகாரம் தாளத்தை உறுதி செய்யாது. அரை மணி நேரத்துக்குமேல் நீடித்தால் பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுத்து, அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஹோல்டரில் எக்டோபிக் துடிப்புகள் மட்டும் இருந்து, அவை மொத்தத் துடிப்புகளில் பத்து சதவீதத்துக்கும் வெகு கீழே இருந்தால், பெரும்பாலும் மருந்தே தேவைப்படாது. அதைத் தாண்டினால் நாளடைவில் இதயத்தைப் பலவீனமாக்கக்கூடும், அப்போது இதய மருத்துவர் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஹோல்டர் மாட்டியிருக்கும் இரவில் ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்று வழக்கத்தை மாற்றாதீர்கள். எப்போதும் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, எப்போதும் படுக்கும் பக்கத்திலேயே படுங்கள். படபடப்பு வந்த நேரத்தை அவர்கள் தரும் சீட்டில் குறித்துவிட்டு, அறிக்கை வந்ததும் அந்த நிமிடத்தில் என்ன பதிவாகியிருக்கிறது என்று மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.